ஓடை நீரும் சிமிழ்ப் பாசியும்



ஓடையில் இறங்கிக் குளித்தவர்கள் எல்லாருக்கும் ஓர் அனுபவம் இருக்கும். தண்ணீருக்குள் கிடக்கும் கல் ஒன்றின் மீது காலை வைக்கிறோம். கல் என்னவோ அசையாமல் உறுதியாகத்தான் கிடக்கிறது. ஆனால் கால் வழுக்கிவிடுகிறது. குனிந்து அந்தக் கல்லை எடுத்துப் பார்த்தால், அதன் மேல் பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று தெரியும். விரலால் வழித்தால், நறுக்கிய வெண்டைக்காயைப் போலக் கொழகொழவென்று வரும். பாசி பிடித்த கல் என்று சொல்லி அதைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு நாம் குளிக்கப் போய்விடுகிறோம்.

இன்று நாம் பேசப்போவது அந்தப் பழுப்புப் படலத்தைப் பற்றித்தான். அந்த ஓடையில் சில வாரங்களாக எப்படிப்பட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது என்பது அந்தப் படலத்தில் பதிவாகியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் படித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

படலத்தில் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஓர் அதிசய உலகம் தெரியும். படகைப் போலச் சில, ஊசியைப் போலச் சில, பிறை நிலாவைப் போல வளைந்தவை சில, வட்ட வில்லையைப் போலச் சில. இவற்றுக்கு டயாட்டம் என்று பெயர். ஒரே ஓர் உயிரணுவால் ஆன பாசி வகை இது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரைதான் நீளம் இருக்கும். கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் லட்சக்கணக்கில் குடியிருக்கும்.

மற்றப் பாசிகளுக்கு இல்லாத ஒரு சிறப்பு டயாட்டத்துக்கு உண்டு. அது தன்னைச் சுற்றிச் சிலிக்காவினால் ஓர் ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிறதே, அதே பொருள்தான். அந்த ஓடு இரண்டு பாதிகளாக இருக்கும்; ஒரு பாதி சற்றுப் பெரியது, மறு பாதி சற்றுச் சிறியது. பெரியது சிறியதன் மேல் மூடியாகக் கவிந்திருக்கும். நம் வீடுகளில் குங்குமச் சிமிழ் இருக்கிறதல்லவா? அதேதான். கண்ணாடியில் செய்த மிகச் சிறிய குங்குமச் சிமிழுக்குள் ஓர் உயிர் வாழ்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆகையால் நாம் இதைச் சிமிழ்ப் பாசி என்றே இந்தப் பேச்சில் அழைத்துக்கொள்ளலாம். பாசியாக இருந்தும் இது பச்சையாகத் தெரியாமல் பழுப்பாகத் தெரிவதற்குக் காரணம், இதனுள் இருக்கும் பச்சையத்தை ஒரு பொன்பழுப்பு நிறமி மறைத்துவிடுவதுதான்.

இந்தச் சிமிழின் மேல் கோடுகளும் புள்ளிகளும் துளைகளும் ஒழுங்காகச் செதுக்கினாற்போல் அமைந்திருக்கும். ஓர் இனத்துக்கு உள்ள வேலைப்பாடு இன்னோர் இனத்துக்கு இராது. பத்து மைக்ரான் நீளத்தில் எத்தனை கோடுகள் என்று எண்ணித்தான் பல இனங்களைப் பிரித்தறிகிறார்கள். உயிர் போன பிறகும் சிமிழ் அழிவதில்லை. அமிலத்தில் போட்டுக் காய்ச்சினாலும் உள்ளே இருக்கும் சதைப்பற்று எரிந்துபோகுமே தவிர, ஓடு அப்படியே நிற்கும். ஆல்ஃபிரட் நோபெல் 1867-இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டில், நைட்ரோகிளிசரினை உறிஞ்சிவைக்கப் பயன்பட்ட மண்கூட இப்படி மடிந்த டயாட்டங்களின் ஓடுகள் குவிந்து உண்டான மண்தான். அது வேறு கதை. நாம் ஓடைக்கே திரும்புவோம்.

தண்ணீரின் தரத்தை அறிய இரசாயனப் பரிசோதனை இருக்கிறதே, பாசியைப் போய் ஏன் பார்க்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலேசியாவில் ஆறுகளின் தரத்தை மதிப்பிடும் குறியீடு ஆறு அளவைகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நீரில் கரைந்துள்ள பிராணவாயு, கழிவை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் உண்டுவிடும் பிராணவாயு, இரசாயன முறையில் தேவைப்படும் பிராணவாயு, அம்மோனியா, மிதக்கும் வண்டல், காரஅமிலத் தன்மை ஆகியவையே அந்த ஆறு. இவற்றைச் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுகிறார்கள். 81-க்கு மேல் என்றால் தூய ஆறு. 60 முதல் 80 வரை என்றால் சிறிதளவு மாசு. அதற்கும் கீழே என்றால் மாசுபட்ட ஆறு.

இந்த முறையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு போத்தல் தண்ணீர், அதை எடுத்த அந்த நிமிடத்தின் செய்தியை மட்டுமே சொல்லும். அதிகாரி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பாலத்தின் மேலிருந்து தண்ணீர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு நள்ளிரவில் ஆலையின் குழாய் திறந்துவிடப்பட்டிருந்தால், அந்தக் கழிவு விடிவதற்குள் பல மைல் கீழே போயிருக்கும். போத்தலில் அகப்படுவது அதற்குப் பின்னால் வந்த நல்ல தண்ணீர். பரிசோதனைச் சாலையின் கணக்கு மிகச் சரியாகவே இருக்கும். ஆற்றைப் பற்றிய முடிவு மட்டும் தவறாக இருக்கும்.

மீன்கள் நீந்தித் தப்பிவிடலாம். தண்ணீர் ஓடிவிடலாம். கல்லோடு ஒட்டிய சிமிழ்ப் பாசிக்குப் போக இடம் இல்லை. இரவில் வந்ததையும் பகலில் வந்ததையும், மழை நாளில் வந்ததையும் விடுமுறை நாளில் வந்ததையும் அது ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். தாங்க முடியாத இனம் மடியும். தாங்கக்கூடிய இனம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளில், இரண்டு நாளில் இவை இரண்டாகப் பிரிந்து பெருகிவிடுவதால், கல்லின் மேல் குடியிருப்போரின் பட்டியல் சில வாரங்களிலேயே மாறிவிடுகிறது.

நம்மில் பலருக்குத் தோட்டப்புற ஓடைகளின் நினைவு இருக்கும். ரப்பர் ஆலைகளின் கழிவும், பின்னர் செம்பனை ஆலைகளின் கழிவும் அந்த ஓடைகளில் கலந்த காலம் ஒன்று உண்டு. செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து நேராக வெளிவரும் கழிவுநீரில், நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவு ஒரு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். இத்தகைய கழிவு ஓடையில் கலந்தால், தண்ணீரிலுள்ள பிராணவாயு முழுவதையும் அது குடித்துவிடும். மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், செம்பனை ஆலைகளுக்கென்று 1977-இல் தனி விதிகள் வந்தன. 1978-இல் ஒரு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை என்று தொடங்கிய வரம்பு, படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984-இல் 100 மில்லிகிராம் ஆயிற்று. இது பெரிய முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கழிவுக் குளம் நிரம்பி வழியும் நாளும் உண்டு. கரை உடையும் நாளும் உண்டு. அந்த நாளில் போத்தலோடு யாராவது அங்கே நின்றுகொண்டிருப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

சரி, பாசி எப்படிச் சாட்சி சொல்கிறது?

ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு சுபாவம். சில இனங்களுக்குச் சத்துக் குறைந்த, பிராணவாயு நிறைந்த தெளிந்த நீர்தான் வேண்டும். சாக்கடை கலந்தால் அவை காணாமற்போகும். வேறு சில இனங்கள் அதற்கு நேர்மாறு. சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பதோடு நில்லாமல், கழிவுநீரில் கரைந்திருக்கும் சத்துகளையும் நேராக உறிஞ்சிக்கொள்ளும் திறமை அவற்றுக்கு உண்டு. நிட்சியா பேலியா என்ற இனம் இதில் பேர்போனது. மெலிந்த, இரு முனையும் கூம்பிய சிறிய சிமிழ் அது. உலகின் பல பகுதிகளில் சாக்கடை கலந்த ஆறுகளில் அது மிகுந்து காணப்படுகிறது. கொம்ஃபோனீமா பார்வுலம் என்பது அதனோடு அடிக்கடி சேர்ந்து காணப்படும் கூட்டாளி. இந்த இரண்டும் தலைகாட்டிவிட்டாலே தண்ணீர் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது. நல்ல ஓடையிலும் இவை ஓரிரண்டு இருக்கும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இன்னொரு சுபாவமும் நம் நாட்டுக்கு முக்கியமானது. சில டயாட்டங்களின் ஓட்டில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். அதன் வழியாகப் பசையைக் கசியவிட்டு அவை மெல்ல ஊர்ந்து செல்லும். மேட்டு நிலத்தில் காட்டை அழித்து மண்ணை வெட்டினால், மழையில் செம்மண் கரைந்து ஓடைக்கு வருகிறது. கல்லோடு அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இனங்கள் அந்த வண்டலின் கீழே புதைந்து ஒளியின்றி மடிகின்றன. ஊர்ந்து செல்லத் தெரிந்தவை மட்டும் வண்டலைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து பிழைக்கின்றன. ஆகவே ஊரும் இனங்களின் விகிதம் ஏறினால், மேலே எங்கோ மண் அறுத்துக்கொண்டு வருகிறது என்று ஊகிக்கலாம். வீட்டு மனைகளும் சாலைகளும் பெருகும் மலைச்சரிவுகளின் அடிவாரத்தில் இதைப் பார்ப்பது மிகவும் பயன்தரும் என்று நாம் நினைக்கிறோம். செம்பு, துத்தநாகம் போன்ற உலோகக் கழிவு மிகுந்த நீரிலோ, ஓடுகளே கோணல்மாணலாக வளரக் காணலாம்.

உயிர்களைக் கொண்டு நீரின் தரத்தை வகுக்கும் முறையை ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1900-களின் தொடக்கத்திலேயே உருவாக்கினர். டயாட்டத்தை முன்னிறுத்தி இந்தத் துறையை வளர்த்தவர்களுள் முதலில் சொல்ல வேண்டியவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. ரூத் பேட்ரிக் என்பது அவர் பெயர். 1907-இல் பிறந்தவர். ஏழு வயதில் தந்தை ஒரு நுண்ணோக்கியைக் கொடுத்தாராம். 2013-இல் தமது 105-ஆம் வயதில் மறையும்வரை அந்த ஆர்வம் அவரை விட்டுப் போகவில்லை. 1948-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் கானஸ்டோகா என்னும் ஆற்றுப் பகுதியில், பல துறை அறிஞர்கள் அடங்கிய குழுவை வைத்து அவர் ஓர் ஆய்வு நடத்தினார். நலமான ஓடையில் பல இனங்கள் இருக்கும், ஒவ்வொன்றும் அளவாக இருக்கும். மாசுபட்ட ஓடையில் இனங்கள் குறையும், எஞ்சிய சில இனங்கள் மட்டும் எக்கச்சக்கமாகப் பெருகும். இதுவே அவர் வற்புறுத்திய கருத்து. சந்தையில் பல கடைகள் நடந்துகொண்டிருந்த இடத்தில், இரண்டே கடைகள் மட்டும் பெருத்து நிற்பதைப் போல என்று சொல்லலாம். ஆற்றில் கல்லே கிடைக்காத இடத்துக்காக, கண்ணாடித் தகடுகளை ஒரு சட்டத்தில் செருகி நீரில் மிதக்கவிடும் கருவியையும் அவர் தம் சகாக்களோடு வடிவமைத்தார். தகட்டில் பாசி படிந்ததும் எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

இதை எப்படிப் புள்ளியாக மாற்றுகிறார்கள்? பக்கத்தில் பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். பிரெஞ்சு நாட்டவர் 1982-இல் வகுத்த முறையில் ஒவ்வோர் இனத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. மாசைத் தாங்காத இனத்துக்கு 5, எதையும் தாங்கும் இனத்துக்கு 1. அதோடு, அந்த இனத்தின் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 1 முதல் 3 வரை ஓர் எடை. ஒரு கல்லிலிருந்து 400 ஓடுகள் எண்ணுகிறோம். அவற்றில் 300, மதிப்பெண் 1, எடை 3 உள்ள இனம். மீதி 100, மதிப்பெண் 5, எடை 1 உள்ள இனம். 300-ஐ 1-ஆலும் 3-ஆலும் பெருக்கினால் 900. 100-ஐ 5-ஆலும் 1-ஆலும் பெருக்கினால் 500. மொத்தம் 1,400. இதை, எண்ணிக்கையையும் எடையையும் மட்டும் பெருக்கிக் கூட்டிய 1,000-ஆல் வகுத்தால் 1.4 வருகிறது. எடை பார்க்காமல் சாதாரணச் சராசரி எடுத்திருந்தால் 2 வந்திருக்கும். நம்பத் தகுந்த சாட்சிக்கு அதிக மதிப்புக் கொடுத்ததால் புள்ளி இறங்கிவிட்டது. நீதிமன்றத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

ஐரோப்பியப் பட்டியலை எடுத்து அப்படியே நம் ஓடைக்குப் போட்டுவிடலாமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். தீபகற்பத்தின் காட்டு ஓடைகள் பல, கருங்கல் மலைகளில் பிறப்பவை. அவற்றின் நீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சற்றுப் புளிப்புத் தன்மையும் உண்டு. பிறை வடிவமுள்ள யூனோஷியா போன்ற இனங்கள் இத்தகைய நீரை விரும்புபவை. ஐரோப்பாவில் அந்த இனம் பெருகினால், அமில மழையால் ஓடை கெட்டுவிட்டதோ என்று கவலைப்படுவார்கள். நம் காட்டில் அது இயல்பான குடிமகனாக இருக்கலாம். மேலும், அடர்ந்த காட்டின் நிழலில் ஓடும் ஓடையில் ஒளி குறைவு, பாசியும் குறைவு. மரத்தை வெட்டியதும் வெயில் விழுகிறது, பாசி செழிக்கிறது. செழிப்பைப் பார்த்து நலம் என்று எண்ணிவிடக் கூடாது. வெளியூர் மருத்துவர் நம் ஊர் நோயாளியைப் பார்ப்பதற்கு முன், நம் ஊரில் ஆரோக்கியமானவர் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

அந்த வேலைக்கு அடித்தளம் இங்கேயே போடப்பட்டிருக்கிறது. மலாக்காவில் பத்து பெரண்டாம் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜி. ஏ. பிரௌஸ் என்பவர், மலாயாவின் நன்னீர் டயாட்டங்களைத் தொகுத்து 1962-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஆய்விதழில் வெளியிட்டார். பின்னர் நெகிரி செம்பிலானில் லிங்கி ஆற்றுப் படுகையில் டயாட்டங்களைக் கொண்டு மாசை மதிப்பிட்ட ஆய்வுகள் 1990, 1991 ஆண்டுகளில் அறிவியல் இதழ்களில் வெளிவந்தன. லிங்கி ஆறு நல்ல எடுத்துக்காட்டு. மலையில் பிறந்து, சிரம்பான் நகரைத் தொட்டு, தோட்டங்களையும் ஆலைகளையும் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அந்தப் படுகையின் நீரைத்தான் சுத்திகரித்து மக்கள் குடிக்கவும் செய்கிறார்கள். நகரக் கழிவும் ஆலைக் கழிவும் கலக்கும் இடங்களில் டயாட்ட இனங்களின் பன்மை குறைவதை அந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பேட்ரிக் அம்மையார் குளிர் நாட்டில் கண்டது, நம் வெப்ப நாட்டு ஆற்றிலும் தெரிந்தது.

இதை ஓர் அபாயச் சங்காக நினைத்துவிட வேண்டாம். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கரைப்பான் வாடை வீசியபோது, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டன. அன்று முந்திக்கொண்டது மூக்குதான். அத்தகைய நேரத்தில் டயாட்டத்தை எண்ணிக்கொண்டு உட்கார முடியாது. எந்தப் பொருள் கலந்தது என்று அதன் பெயரைச் சொல்லவும் பாசிக்குத் தெரியாது. அதற்கு இரசாயனம்தான் வேண்டும். கிருமி இருக்கிறதா, குடிக்கலாமா என்பதற்கும் இது விடையாகாது. மெல்ல மெல்ல, யார் கண்ணிலும் படாமல், மாதக்கணக்கில் ஓர் ஓடை கெட்டுக்கொண்டு வருகிறதே, அதைச் சொல்வதில்தான் பாசிக்கு நிகரில்லை.

பள்ளி ஆசிரியர்கள் சிலர் இதை மாணவர்களோடு செய்து பார்க்க விரும்பக்கூடும். செலவு அதிகமில்லை. பெருமழைக்குப் பின் உடனே போகாதீர்கள். வெள்ளம் கல்லை உரசிக் கழுவியிருக்கும். இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் போக வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உண்டென்பதால், கையுறையும் ரப்பர் காலணியும் கட்டாயம். நீர் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், எப்போதும் நனைந்தே கிடக்கும் கற்களில் ஐந்தை எடுத்து, மேற்புறத்தைப் புதிய பல் துலக்கியால் ஒரு தட்டில் தேய்த்துக் கழுவுங்கள். பழைய துலக்கி கூடாது. முன்பு போன ஓடையின் ஓடுகள் அதில் ஒட்டியிருந்து பொய்ச் சாட்சி சொல்லும். தட்டில் சேரும் பழுப்பு நீரைப் போத்தலில் ஊற்றி, சில துளி அயோடின் கரைசல் விட்டு, இடமும் தேதியும் எழுதி ஒட்டிவிட வேண்டும். அமிலத்திலோ ஹைட்ரஜன் பெராக்சைடிலோ காய்ச்சிச் சுத்தம் செய்யும் வேலையைப் பரிசோதனைச் சாலைக்கு விட்டுவிடுங்கள். அது மாணவர் கையில் கொடுக்கத் தக்கதல்ல. இனத்தின் பெயரைச் சொல்ல ஆயிரம் மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியும், அனுபவமுள்ள கண்ணும் தேவை. ஆனால் பள்ளி நுண்ணோக்கியிலேயே எத்தனை வடிவங்கள் தெரிகின்றன, ஏதாவது ஒரே வடிவம் மட்டும் நிறைந்து கிடக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.

ஒரே இடத்தில் எடுத்துப் பயனில்லை. குழாயோ வடிகாலோ கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எனக் குறைந்தது இரண்டு இடங்கள் வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு வெயில் விழ வேண்டும், நீரின் வேகமும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறுபாட்டுக்குக் காரணம் கழிவா நிழலா என்று தெரியாமற்போகும். தேய்த்து முடித்த கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கம் மேலாக வைத்துவிடுங்கள். சில வாரங்களில் புதிய படலம் பிடித்துவிடும். அடுத்த முறை போகும்போது அதே கல்லைத் தேய்க்கலாம்.